கித்தேரி எந்த வீட்டுப் பெண்?

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் காணையைத் தாண்டிக் கெடாருக்கு வந்து, அங்கிருந்து முகையூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு, அஞ்சலை, பச்சையம்மாள், அலமேலு என்று கூப்பிடுகிற அதே குரலில் சூசையம்மாள், மதலேன், சந்தியாகு, இஞ்ஞாசி என்றும் கூப்பிடுகிற ஊர்கள் இப்பக்கத்தில் உண்டு என்பது புதிய செய்தியாக இராது. அத்தகைய பெயர்களுள் மிகவும் அருகிப்போன ஒன்றைப் பற்றியே இங்கே எழுதப் புகுந்தேன். கித்தேரி என்பது அப்பெயர். மரியாதையாகச் சொன்னால் கித்தேரியம்மாள். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் பாட்டிமார் பெயராக அங்கங்கே எஞ்சியிருக்கும் இதனைப் பேத்திகளுக்கு இடுவதற்கு இக்காலத்துப் பெற்றோர் தயங்குகிறார்கள். காரணம் கேட்டால், அதற்கு அர்த்தம் தெரியவில்லை என்பார் சிலர். அது நம் பாஷைப் பெயர் அன்று என்பார் வேறு சிலர். இவ்விரண்டு ஆக்ஷேபங்களும் ஆராயாமல் சொல்லப்பட்டவை என்பதும், முன்னூறு ஆண்டுகளாகத் தமிழில் புழங்கி, தமிழில் ஒரு காவியப் பாட்டும் பெற்றுவிட்ட இப்பெயருக்கு வேறு எந்தப் பெயருக்கும் குறையாத பாத்தியதை இம்மண்ணில் உண்டு என்பதும் என் அபிப்பிராயம்.

பெயரின் பூர்வோத்தரத்தை முதலில் பார்ப்போம். இலத்தீனில் குவித்தேரியா என்றும், போர்த்துக்கேயத்திலும் ஸ்பானியத்திலும் கித்தேரியா என்றும் வழங்கும் இப்பெயருக்குச் சொற்பொருள் சொல்லப் புகுந்தவர்கள் இரண்டு வழியாகப் பிரிகிறார்கள். அமைதி, சாந்தம் என்னும் பொருளுள்ள ‘குவியெத்துஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே இதற்கு மூலம் என்பது ஒரு சாரார் கொள்கை. மற்றொரு சாரார், கிரேக்கர்களின் காதல் தெய்வமாகிய அப்ரோதீத்தைக்கு, கித்தேரா என்னும் தீவை ஒட்டி வழங்கிய ‘கித்தேரெயா’ என்ற பட்டப்பெயரே பின்னர் இவ்வாறு திரிந்தது என்பார்கள். கன்னிமை காப்பதற்காக உயிரை விட்டதாகப் போற்றப்படும் ஒரு புண்ணியவதியின் பெயர், காமதேவதையின் பெயரிலிருந்து பிறந்திருக்கக்கூடும் என்று பண்டிதர்கள் வாதிடுவதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. முதற்கொள்கையே சரியென்று வைத்துக்கொண்டால், நம் தெருவில் இருக்கிற சாந்திகளும் சாந்தாக்களும் கித்தேரிக்குப் பொருளால் உடன்பிறந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். ஆதலின் அர்த்தம் தெரியாத பெயர் என்பதைக் காட்டிலும், அர்த்தம் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லப்படுகிற பெயர் என்பதே நியாயம்.

பெயருக்கு உரியவளாகிய அர்ச்சியசிஷ்ட கித்தேரியம்மாளின் கதையோ, சரித்திரமும் புராணமும் பிரித்தறிய முடியாதபடி கலந்தது. இபேரிய தேசத்தின் மேற்குப் பகுதியை ஆண்ட உரோமை அதிபதி ஒருவனுடைய மனைவிக்கு ஒரே பிரசவத்தில் ஒன்பது பெண் குழந்தைகள் பிறந்ததாகவும், அதனை அவமானமென்று எண்ணிய தாய் அவர்களை ஆற்றில் எறிந்துவிடும்படி மருத்துவச்சியிடம் கொடுத்ததாகவும், அவள் மனமிரங்கி அவர்களைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒப்படைத்து வளர்த்ததாகவும், வளர்ந்த கன்னியருள் ஒருத்தியாகிய கித்தேரி, தந்தை ஏற்பாடு செய்த விவாகத்துக்கு இணங்காமல் ஓடிப்போய்ச் சிரச்சேதம் செய்யப்பட்டு மாண்டதாகவும் அக்கதை சொல்லுகிறது. இதனைச் சரித்திரமாக ஏற்பார் இல்லை. ஆயினும், ஏரிக்கரைதோறும் ஏழு கன்னிமாரைக் கல்லாக நட்டு வணங்குகிற நம் நாட்டிலே, ஒன்பது கன்னியரின் கதையைக் கேட்ட எவரும் திகைத்திருக்க மாட்டார்கள்.

வெறிபிடித்த இரண்டு நாய்களைத் தன் வாய்ச்சொல்லாலேயே அவள் அடக்கி நிறுத்தினாள் என்பது அக்கதையின் ஒரு கிளை. இதனால் நாய்க்கடிக்கு அஞ்சியவர்கள் அவளைச் சரணடையும் வழக்கம் போர்த்துக்கல், ஸ்பெயின், தென்மேற்குப் பிரான்சு ஆகிய தேசங்களில் உண்டாயிற்று. லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தை ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தியது 1885-ஆம் ஆண்டில். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது 1907-இல். அதற்கு முன்பெல்லாம் வெறிநாய் கடித்தவனுடைய வீட்டார், கடவுளையும் புண்ணியவாளரையும் கூப்பிட்டு அழுவதைத் தவிர வேறு செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், இவள் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டவர்களின் மனநிலை நமக்குச் சற்று விளங்கும். அவர்கள் அர்த்தம் தேடி அகராதியைப் புரட்டியவர்கள் அல்லர். காவல் தேடியவர்கள்.

பிரான்சின் தென்மேற்கே, அதூர் ஆற்றங்கரையில் உள்ள ஏர் என்னும் சிறு நகரில் அவள் பெயரால் ஒரு பழங்கோயில் இருக்கிறது. அதன் நிலவறையில் சிற்ப வேலைப்பாடமைந்த வெள்ளைச் சலவைக்கல் பேழை ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. சந்தியாகப்பரின் திருத்தலத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்களின் பாதையில் அக்கோயில் அமைந்திருப்பதால், அப்பாதையோடு சேர்த்து 1998-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. செர்வாந்தேஸ் 1615-இல் வெளியிட்ட ‘தோன் கிஹோத்தே’ இரண்டாம் பாகத்தில், பணக்காரன் ஒருவன் ஊரைக் கூட்டிப் பெருவிருந்து வைத்து மணக்கவிருந்து, கடைசி நிமிஷத்தில் ஏழைக் காதலனிடம் பறிகொடுக்கிற கிராமத்து அழகிக்கும் கித்தேரியா என்பதுதான் பெயர். அப்பால் பிரேசிலில், ஆண்வேஷம் பூண்டு சேனையில் சேர்ந்து தன் நாட்டின் சுதந்திரத்துக்காகப் போர்புரிந்து, 1823-இல் சக்கரவர்த்தி முதலாம் பேத்ருவின் கையால் விருது பெற்ற மரியா கித்தேரியா என்னும் வீராங்கனையை இன்றளவும் அந்நாட்டார் கொண்டாடுகிறார்கள். சாந்தம் என்று பொருள் சொல்லப்படுகிற பெயரைத் தாங்கியவள் துப்பாக்கி ஏந்தினாள் என்றால், பெயரின் பொருளுக்கும் அதைத் தாங்குகிறவரின் சுபாவத்துக்கும் உள்ள சம்பந்தம் எவ்வளவு என்பதை, எண்கணிதம் பார்த்துப் பெயர் வைக்கிற நம்மவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

இப்பெயர் தமிழில் நிலைபெற்றதற்கு முதற்காரணர் வீரமாமுனிவர். இத்தாலியாவில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்து, 1710-இல் கோவா வந்திறங்கி, அடுத்த ஆண்டு தமிழ்நாடு புகுந்த அப்பெருந்தகையார், ‘தேம்பாவணி’, ‘தொன்னூல் விளக்கம்’, ‘சதுரகராதி’ ஆகியவற்றை இயற்றியவர் என்பது பள்ளிப்பிள்ளைகளும் அறிந்ததே. அவர் கோயிலெழுப்பிய கோணாங்குப்பம், நம் பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த, விருத்தாசலத்தை அடுத்த ஊர்; ஆதலால் அவரை அயலார் என்று நாம் கருத வேண்டியதில்லை. அவர் பாடிய நூல்களுள் ‘கித்தேரியம்மாள் அம்மானை’ என்பதும் ஒன்று. தேம்பாவணி புலவர்களுக்காகப் பாடப்பட்டது. அதன் விருத்தங்களைப் பொருளுணர்ந்து படிக்கச் சற்றுப் பயிற்சி வேண்டும். அம்மானையோ, பெண்கள் காயைத் தூக்கிப்போட்டு விளையாடும்போது பாடிய பாட்டிலிருந்து வளர்ந்த வடிவம்; எழுத்தறியாதவரும் கேட்டு மனனம் செய்யத்தக்கது; கதைப்பாட்டுகளுக்கென்றே மக்கள் பழகிவைத்திருந்த சந்தம். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையைச் சேர்ந்த பேதுருப் புலவர் என்பார், பதினேழாம் நூற்றாண்டிலேயே சந்தியோகுமையோர் அம்மானையை இவ்வடிவில் பாடியிருக்கிறார். அத்தகைய ஜனரஞ்சகமான வடிவத்தை ஒரு பெண்ணின் கதைக்கு முனிவர் தேர்ந்தெடுத்தது, கேட்கப்போகிறவர்கள் யார் என்பதை அறிந்து செய்த காரியமாகவே எனக்குப் படுகிறது.

இவ்விடத்தில் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. பிறமொழிப் பெயர்களைத் தமிழாக்குவதில் முனிவருக்கு இருந்த வேட்கை பிரசித்தமானது. உறுதிப்பாடு என்னும் பொருளுள்ள ‘கோன்ஸ்தான்ஸோ’ என்ற தம் சொந்தப் பெயரையே முதலில் தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டு, பின்பு அதிலும் வடமொழி இருப்பதாகக் கருதி வீரமாமுனிவர் என்று வழங்கப்பெற்றவர் அவர். ‘மேலும் பெருகுக’ என்னும் கருத்துடைய யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரைத் தேம்பாவணியில் வளன் என்று அழகுற ஆக்கினார். ‘சிறியவன்’ என்று பொருள்படும் ‘பவுலுஸ்’ என்னும் இலத்தீன் பெயர் தமிழ்க் கத்தோலிக்கர் வாயில் சின்னப்பர் ஆனதும், மாசற்ற உற்பவம் என்னும் கொள்கை அமலோற்பவம் என்ற பெண்பெயராகிப் புதுச்சேரிச் சீமையெங்கும் பரவியதும் இதே வழியில்தான். இவ்வளவு செய்தவர்கள் நடுவே, முனிவர் கித்தேரியை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. சாந்தநாயகி என்றோ அமைதியம்மை என்றோ பெயரிட்டிருக்க அவருக்குச் சொல் பஞ்சமா? தாம் நன்கறிந்த இலத்தீனிலே அப்பெயரின் பொருள் ஐயத்துக்கு இடமாக இருப்பதை உணர்ந்தோ, மக்கள் நாவில் அது முன்னமே ஏறிவிட்டது என்று கண்டோ, ஒலியை ஒலியாகவே விட்டுவிட்டார் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அவ்வொலி தமிழாகிய விதத்தைச் சற்றே அருகில் வைத்துப் பார்த்தால் பல செய்திகள் புலனாகும். இலத்தீன் உச்சரிப்பை நேரே கேட்டு எழுதியிருந்தால் தொடக்கம் ‘குவி’ என்றிருக்கும்; ‘கி’ என்றிருப்பதால் பெயர் போர்த்துக்கேய மாலுமிகளும் குருமாரும் பேசிய வாய்மொழியாக வந்தது தெளிவு. ஆங்கிலேயர் வழியாக வந்திருந்தாலோ நடுவெழுத்து ‘ட’கரமாக மாறியிருக்கும்; அந்தோனியார் போர்த்துக்கேயர் காலத்தவர், ஆன்டனி ஆங்கிலேயர் காலத்தவர் என்று நாம் எளிதில் பிரித்தறிவது இந்த ஓரெழுத்து வேறுபாட்டால் அன்றோ? அடுத்து, ‘த்த’ என்னும் இரட்டிப்பு. தமிழில் இரண்டு உயிர்களுக்கிடையே தனித்து நிற்கும் தகரம் மெலிந்தே ஒலிக்கும் ஆதலால், மூலத்தின் வல்லோசை கெடாமல் இருக்க நம்மவர்கள் மெய்யை இரட்டித்தார்கள். எவரும் விதி எழுதித் தரவில்லை, காதே விதியாயிற்று. இறுதியில் நின்ற ‘யா’வைத் தேய்த்து இகரமாக நிறுத்தியதும் தமிழ் நாவின் வேலைதான்.

‘தே’ என்னும் எழுத்துக்கு உள்ள மகிமை இன்னும் பெரியது. பண்டைய ஏட்டுச்சுவடிகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பு ஒன்றே. புள்ளியிட்டால் குறில், இடாவிட்டால் நெடில். ஓலை கிழியும் என்று புள்ளியிடாமலே எழுதியதால், படிப்பவர் இடம் நோக்கி ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கொம்பை மேலே சுழித்து நெடிலுக்குத் தனிவடிவம் ஏற்படுத்தியவர் வீரமாமுனிவர் என்பது தமிழ் எழுத்து வரலாற்றில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. ஆக, கித்தேரி என்று நாம் இன்று எழுதும்போது நடுவே இடுகிற அச்சுழி, அவளைப் பாடிய அதே கையால் தமிழுக்கு வந்தது. தமிழ்ப் பெயர்கள் என்று நாம் நெஞ்சுயர்த்திச் சொல்லும் எத்தனை பெயர்களுக்கு இவ்வளவு நெருக்கமான எழுத்துச் சரித்திரம் இருக்கிறது?

தூய தமிழ்ப் பெயர்களையே இடவேண்டும் என்னும் அன்பர்களோடு எனக்குப் பெரும் பிணக்கு இல்லை. சுவாமி வேதாசலமாக இருந்து மறைமலையடிகளானவரின் உள்ளத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவ்வியக்கம் ஒருவர் தாமே விரும்பித் தம் பெயரை மாற்றிக்கொண்ட இயக்கம். பாட்டியின் பெயரை நாணத்தால் கைவிடுவது அதனோடு சேராது. அன்றியும், கித்தேரியை விலக்குகிற பெற்றோர் அதற்கு ஈடாகத் தமிழ்ப்பெயரைத் தேடிச் செல்வதாகவும் தெரியவில்லை. கைபேசியில் பெயர்ப்பட்டியலைத் திறந்து, எந்த மொழிக்கும் உரியதாகாத, ஷகர ஸகரங்கள் மின்னுகிற இரண்டசைப் பெயர் ஒன்றைப் பொறுக்கியெடுத்து, அதற்கு ‘இறைவனின் பரிசு’ என்றோ ‘விடியலின் ஒளி’ என்றோ யாரோ எழுதிவைத்த பொருளை நம்பிவிடுகிறார்கள். அர்த்தம் தெரியாத பெயர் வேண்டாம் என்று தொடங்கியவர்கள் வந்துசேரும் இடம் இது.

திருச்சபையின் சட்டமும் இவ்விஷயத்தில் ஒரு பங்கு வகித்திருக்கிறது. ஞானஸ்நானத்தின்போது கிறிஸ்தவப் பெயர் இடப்படுவதைப் பங்குக்குருவானவர் கவனித்துக்கொள்ள வேண்டும், பெற்றோர் இணங்காவிட்டால் அவர்கள் இட்ட பெயரோடு ஒரு புண்ணியவாளரின் பெயரையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு விதித்தது. ஊரில் ஒரு பெயரும் கோயிலில் ஒரு பெயருமாகப் பலர் வாழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1983-இல் வந்த புதிய தொகுப்பு, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயராக இல்லாதிருந்தால் போதும் என்று தளர்த்திவிட்டது. நல்ல தளர்வே, குழந்தைக்கு என்ன பெயர் என்பதைப் பெற்றவர்கள் தீர்மானிப்பதே முறை. ஆனால் கட்டாயம் நீங்கியபோது, கட்டாயத்தோடு வந்து பின்னர் அன்பினால் நிலைத்துவிட்ட பெயர்களும் சேர்ந்து கழிக்கப்பட்டன.

இனி, உயிரோடிருக்கும் கித்தேரியம்மாள்களின் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். இப்பெயருள்ள மூதாட்டி ஒருவர் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்தபோது, கணினி மையம் ஒன்றில் அருகிருந்து பார்த்தேன். அவர் கையில் வைத்திருந்த பழைய குடும்ப அட்டையில் பெயர் பிழையின்றித் தமிழில் இருந்தது. அடையாள அட்டை தயாரித்த எவரோ அதனை ஆங்கில எழுத்தில் தம் மனம்போனபடி எழுதியிருந்தார். அவ்வாங்கிலத்தை இயந்திரம் மீண்டும் தமிழாக்கி ‘கிதேரி’ என்று அச்சிட்டிருந்தது. முன்னோர் கருத்தாக இரட்டித்த மெய் அங்கே உதிர்ந்துபோயிற்று. வல்லோசை மெலிந்து, பெயர் வேறாயிற்று. இரண்டு ஆவணங்களும் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் நின்றது. “ஆயா, உன் பேரை நீயே சொல்லு, எது கரெக்ட்டு?” என்று கணினிமுன் இருந்த பிள்ளை கேட்டான். “என்னைக் கூப்புடுறாப்புல எழுதுப்பா” என்றார் அந்த அம்மாள். அவர் கேட்டதில் என்ன தவறு? கூப்பிடுகிற பெயர் தமிழில் இருக்கிறது. எழுதத் தமிழெழுத்தும் இருக்கிறது. இடையே ஆங்கிலம் ஒரு தரகுவேலை பார்த்துவிட்டுப் போனதனால் அல்லவா இத்தனை அவஸ்தை?

இது கித்தேரிக்கு மட்டும் நேர்ந்த கதி அன்று. ழகரமோ றகரமோ இரட்டித்த மெய்யோ உள்ள நம் பெயர்கள் அனைத்துக்கும் இதே கதிதான். மங்கையர்க்கரசிகளும் தமிழ்ச்செல்விகளும் படாத பாடு படுகிறார்கள். அரசாங்கத்தார் செய்ய வேண்டிய காரியம் பெரிய செலவு பிடிப்பதன்று. விண்ணப்பப் படிவங்களில் தமிழ்ப் பெயருக்கான கட்டத்தை முதலாவதாக வைத்து, அதனை மனிதர் கையாலேயே நிரப்பச் செய்து, ஆங்கில வடிவத்தை உரியவரின் ஒப்புதலோடு அதிலிருந்து எழுத வேண்டும். ஆங்கிலத்திலிருந்து இயந்திரம் தமிழுக்குத் திருப்புவதை அறவே நிறுத்த வேண்டும். இரண்டு ஆவணங்களிடையே முரண் நேருமிடத்துத் தமிழ் வடிவமே மூலம் என்று ஓர் ஆணை பிறப்பித்தால், அரசிதழில் பெயர்மாற்ற அறிவிப்புக்காக அலைகிற ஏழைகள் பலருக்கு அந்த அலைச்சல் மிச்சமாகும்.

கல்வித்துறையாருக்கும் ஒரு விண்ணப்பம். வீரமாமுனிவரைப் பற்றிய பாடங்களில் தேம்பாவணியும் சதுரகராதியும் பரமார்த்த குருவும் இடம்பெறுகின்றன. அம்மானையைப் பற்றி ஒரு வரியோடு கடந்துவிடுகிறார்கள். கல்லாத பெண்கள் பாடுவதற்கேற்ற வடிவில் ஒரு பெண்ணின் சரிதையை அவர் பாடியிருப்பதனால், அதற்கு ஒரு பாடமேனும் ஒதுக்குவது தகும்.

கித்தேரி என்னும் பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடலாமா என்று தயங்குகிற பெற்றோர் யாரேனும் இதனை வாசிக்க நேர்ந்தால், அவர்களுக்கு ஒரு செய்தி: பிறப்பைப் பதிவுசெய்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் குழந்தையின் பெயரைப் பதிவேட்டில் சேர்க்கச் சட்டம் இடந்தருகிறது. சேர்க்கும்போது தகரத்தை இரட்டித்திருக்கிறார்களா, ஏகாரக் கொம்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று சான்றிதழை வாங்குமுன் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.